வகுப்பில் கேள்வி கேட்டது நான் ஒருத்திதான்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

"ரீச்சர், உங்கடை அனுபவத்தை ரெண்டு பக்கத்தில எழுதித் தாங்கோ, புது ஆக்களுக்குக் குடுக்கலாம்" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். என் வாய் இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அவர்களுக்கும் தெரியும். கேட்டது அவர்கள் பிழை.

பாடத்திட்டம், தவணைப் பரீட்சை, புள்ளி போடும் முறை பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களில் பாதிப்பேர் இந்த டென்மார்க்கிலேயே பிறந்து, இங்கேயே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். நான் இலங்கையில் ஏ.எல். பரீட்சை எழுதிப் பள்ளிக்கூடம் முடித்ததோடு சரி. திங்கள் முதல் வெள்ளி வரை பிராண்டேயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு ஹோர்சன்ஸுக்குப் போய் மூன்று மணித்தியாலம் ரீச்சராக இருந்தேன். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. பெட்டி அடுக்கியதில் எனக்குப் பிழை விட்ட ஞாபகம் இல்லை. பிழை எல்லாம் சனிக்கிழமைகளில்தான்.

சின்னப் பிழைகள் ஏராளம். முதல் வருடம், வீட்டுவேலை செய்யாமல் வந்த ஒரு பிள்ளையை ஊர் வழக்கப்படி கதிரையில் ஏறி நிற்கச் சொன்னேன். அவள் துள்ளி ஏறி நின்று, கையைத் தட்டிப் பாடத் தொடங்கிவிட்டாள். இந்த நாட்டுக் கொண்டாட்டங்களில் சனம் கதிரையில் ஏறி நின்று பாடுவதுண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. மற்றப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பிழைக்கு இன்றும் சிரிக்கலாம். நான் சொல்ல வந்த பிழைக்குச் சிரிக்க முடியாது.

அந்த நாட்களில் ஹோர்சன்ஸ் பாடசாலை ஒன்றில் நமக்கு ஒரு வகுப்பறை தந்திருந்தார்கள். பத்து மணிக்குத் திறந்து, ஒரு மணிக்குக் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பக்கத்து அறையில் அதே நேரத்தில் உருது வகுப்பு நடந்தது. ஹோர்சன்ஸில் இருந்த சில பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய ரீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி டெனிஷ் மட்டும்தான். இடைவேளையில் அறைகளுக்கு வெளியே உள்ள நடையோடையில் நின்று, எங்கள் பிள்ளைகள் எங்கள் மொழியைப் பேசுகிறார்கள் இல்லையே என்று இரண்டு பேரும் டெனிஷில் கவலைப்பட்டுக்கொள்வோம்.

அவள் வகுப்பு எனக்குப் பிடிக்காது. சந்தை இரைச்சல். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் உருதுவில் சண்டை பிடிப்பார்கள், பேரம் பேசுவார்கள், சிரிப்பார்கள். புத்தகம் மூடியே இருக்கும். என் வகுப்பிலோ குண்டூசி விழுந்தால் கேட்கும். நான் கேட்பேன், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். "விளங்குதோ?" என்பேன். "ஓம் ரீச்சர்" என்று பதினான்கு குரலும் ஒன்றாய் வரும். அதைக் கேட்டு எனக்கு மனம் குளிர்ந்துபோகும். பாவம் அவள், வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் பெருமைக்கெல்லாம் உச்சம் பொங்கல் விழாப் பேச்சுப்போட்டி. பேச்சுகளை நானே எழுதிக் கொடுப்பேன். பொருள் எப்போதும் மொழியின் பெருமையாகத்தான் இருக்கும். தமிழ் எழுத்தை வேகமாக வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு, முழுப் பேச்சையும் டெனிஷ் எழுத்தில் பெயர்த்துக் கொடுப்பேன். ஓகாரம் வருகிற இடத்தில் தலையில் வட்டம் வைத்த அந்த டெனிஷ் எழுத்து எனக்கு நன்றாக உதவியது. ழகரத்துக்கு எழுத்து இல்லாததால் எல் போட்டு அடியில் சிவப்புக் கோடு இழுப்பேன். எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுவேன். உங்களில் சிலர் வீட்டில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கலாம். கண்ணில் பட்டால் கிழித்துப் போடுங்கள்.

ஷெறின் என்ற பிள்ளை மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு எடுத்தாள். தாய் மெற்றில்டா மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை. தகப்பன் பிரிந்து போய்விட்டார். தாயும் மகளும்தான் வீட்டில். ஷெறினுக்கு நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி. மூன்றாவது வருடம் அவள் பேசி முடித்தபோது முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் எனக்கு மேடைக்குப் பின்னாலேயே கேட்டது. "இஞ்சை பிறந்த பிள்ளையெண்டு ஆரும் சொல்லேலுமோ?" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பரிசு கொடுத்த பிரமுகர், வெளிநாட்டிலிருந்து வந்தவர், மேடையிலேயே அவளை அன்பாகக் கேட்டார்: "பிள்ளை எத்தினையாம் வகுப்புப் படிக்கிறீர்?"

"ஓம்" என்றாள் ஷெறின்.

சபை சிரித்தது. "பிள்ளைக்குக் கூச்சம்" என்றேன் நான், ஒலிவாங்கியில். அவரும் தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்பார்கள். கிளி வளர்க்கிறவளுக்கு அது கிளி என்று தெரியாமல் போனதுதான் இங்கே விசேஷம்.

அது இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். அந்த வருடம் வைகாசியில் இலங்கையில் யுத்தம் முடிந்தது. உங்களில் பலருக்கு அப்போது ஏழு வயது, எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் இருந்ததும், சமையல் நடக்காததும் ஞாபகம் இருக்கலாம். வகுப்பை நடத்துவதா விடுவதா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனி மாதத்தில் பரீட்சை. பிள்ளைகளுக்கு ஒரு இடமாவது வழமைபோல இருக்கட்டும் என்று நினைத்து நடத்தினேன். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வழமைபோல என்றால் என் வகுப்பில் சொல்வதெழுதல்.

யுத்தம் முடிந்ததாக அறிவித்து இரண்டாவது கிழமை, சொல்வதெழுதல் நடந்துகொண்டிருந்தபோது மெற்றில்டா வாசலில் வந்து நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். மஞ்சள் மேலங்கி, காலில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து. ஷெறின் அன்று வகுப்புக்கு வந்திருக்கவில்லை. நான் ஓடைக்குப் போனேன்.

"அக்கா போன் எடுத்தவ, ரீச்சர்" என்றாள்.

அவளுடைய தமக்கை கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னியின் கடைசிக் கரைவரை போனவர் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கடவுளே! எங்கை இருக்கிறாவாம்?"

"தெரியாது."

"பிள்ளையள்?"

"தெரியாது ரீச்சர். நான் வேலையில. வியாழக்கிழமை பின்னேரம் நாலரைக்கு எடுத்திருக்கிறா. வீட்டு நம்பர் ஒண்டுதான் அவவுக்குப் பாடம். ஷெறின்தான் போனை எடுத்தவள். ஆரின்ரையோ கைத்தொலைபேசியாம், ரெண்டு நிமிசமாம். எங்கடை போனில நம்பரும் விழேல்லை. அக்கா அழுதழுது என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறா. இவள் எல்லாத்துக்கும் ஓம், ஓம், ஓம் எண்டு சொன்னவளாம். பிறகு லைன் கட்டாப்போச்சுது."

வகுப்பறைக் கதவை எனக்குப் பின்னால் சாத்தினேன்.

"அக்கா உயிரோட இருக்கிறா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவவோட ஆர் மிச்சம் எண்டு தெரியாது. எந்த முகாம் எண்டு தெரியாது. அவ எல்லாம் சொல்லிப்போட்டா எண்டு அங்கை நினைச்சுக்கொண்டு இருப்பா. மூண்டு வருசம் என்ரை பிள்ளைக்கு முதல் பரிசு குடுத்தனீங்கள். அது என்ன பரிசு, ரீச்சர்?"

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதற்காகத்தான் எழுதுகிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சொன்னது: "கிழமையில மூண்டு மணித்தியாலத்தில நான் என்ன செய்யிறது? வீட்டில நீங்கள் தமிழ் கதைக்க வேண்டாமோ?"

மெற்றில்டா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கதைக்கிறனான். நான் தமிழில கேப்பன், அவள் டெனிஷில பதில் சொல்லுவாள். எனக்கும் விளங்கும், அவளுக்கும் விளங்கும். சாப்பிடு, சப்பாத்தைக் கழட்டு, லைற்றை நூத்திட்டுப் படு. இதுக்குமேல வேலையால வந்து என்ன கதைக்கிறது? எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஆனா நீங்கள் மேடையில ஏத்தினாப் பிறகு நான் பயத்தை விட்டிட்டன்."

அவள் போய்விட்டாள். நான் உள்ளே வந்து சொல்வதெழுதலை முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "விளங்குதோ?" என்று பழக்கத்தில் கேட்டேன். "ஓம் ரீச்சர்" என்றார்கள். அந்த ஓம் எனக்கு அன்று முதல்முறையாகக் கேட்டது.

ஒரு மணிக்குக் கதிரைகளைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். உருது ரீச்சர் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்றுதான் போயிருந்தேன். அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் டென்மார்க்கில் பிறந்தவள். தகப்பன் அவளைச் சிறுவயதில் பக்கம் பக்கமாக உருது மனப்பாடம் செய்ய வைத்தவர். விருந்தாளிகள் வந்தால் நடு அறையில் நின்று ஒப்புவிப்பாளாம். கல்யாணமாகி லாகூருக்குப் போன முதல் கிழமை அவளுக்குப் பல்வலி. மாமியாரிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு இரண்டு நாள் அழுதாளாம். பெண்ணுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி அழுதாராம்.

"உங்கள் பிள்ளைகள் உங்களிடம் எதையாவது கேட்டிருக்கிறார்களா?" என்று அவள் டெனிஷில் கேட்டாள். "இந்த மொழியில், ஒரே ஒரு கேள்வி?"

ஷெறின் என்னிடம் ஏழு வருடம் படித்தவள். பேச்சு, கட்டுரை, சொல்வதெழுதல், எதிர்ப்பதம் எல்லாம் படித்தாள். எல்லாம் சொல்லுகிற வசனங்கள். 'மெல்லச் சொல்லுங்கோ', 'திருப்பிச் சொல்லுங்கோ', 'எங்கை நிக்கிறியள்?' என்று ஒருவரிடம் கேட்க நான் அவளுக்குப் பழக்கவே இல்லை. என் வகுப்பில் கேள்வி கேட்டது நான் ஒருத்திதான். அப்படிக் கேட்டுக் கேட்டு வந்த களைப்பைத்தான் நான் இத்தனை வருடமும் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து இரண்டு கதிரைகளை இழுத்து முதுகோடு முதுகாகப் போட்டாள். ஒன்றில் என்னை இருத்தினாள். மற்றதில் தான் இருந்தாள். "முகம் பார்த்தால் பிள்ளைகள் கையாலும் கண்ணாலும் சமாளித்துவிடுவார்கள். இப்படி இருத்துங்கள். தொலைபேசி இப்படித்தானே?" என்றாள். இவ்வளவு காலமும் அவள் அறையில் நடந்த சந்தை இரைச்சல் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது.

தமக்கை மறுபடி அழைக்கலாம், அழைக்காமலும் விடலாம். மெற்றில்டா ஒரு கிழமை லீவு போட்டுத் தொலைபேசிப் பக்கத்தில் இருந்தாள். அழைப்பு வரவில்லை. பிறகு அவளால் லீவு எடுக்க முடியவில்லை. வேலையில் கைத்தொலைபேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். ஆக, அடுத்த அழைப்பையும் எடுக்கப் போவது பெரும்பாலும் ஷெறின்தான். இரண்டு நிமிடம். என்னிடம் இருந்தது எத்தனை சனிக்கிழமை என்று எனக்குத் தெரியாது.

பரீட்சைப் பாடங்களை ஒதுக்கி வைத்தேன். நிர்வாகத்திலிருந்து ஒருவர், "ரீச்சர், பிள்ளையள் பெயிலாகப் போகுதுகள்" என்றார். "ஆகட்டும்" என்றேன். அவர் என்னோடு அதற்குப் பிறகு இரண்டு வருடம் சரியாகக் கதைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஷெறின் வந்தாள். கடைசி வரிசையில் போய் இருந்தாள். நடந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாதது எது? நான் அவளைத் தனியே கூப்பிடவில்லை. அவளுக்காக என்று தெரிந்தால் அவள் அடுத்த கிழமை வரமாட்டாள் என்று பட்டது. முழு வகுப்பையும் சோடி சோடியாக முதுகோடு முதுகு இருத்தினேன். ஒரு சட்டம் போட்டேன்: இன்றைக்கு ரீச்சர் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் ரீச்சருக்குத் தண்டனை. பிள்ளைகளுக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது.

முதலில் கடைக்காரன், பிறகு பஸ் தவறவிட்ட மாமா, பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுக்கிற ஆள். மறுபக்கம் கதைக்கிறவர் வேகமாகவும் குழப்பமாகவும் கதைக்க வேண்டும். இந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்டுக் கேட்டு விசயத்தை எடுக்க வேண்டும். ஓம் என்ற சொல்லுக்குத் தடை. ஷெறினுடைய முறை வந்தபோது நானே அவள் முதுகுக்குப் பின்னால் போய் இருந்தேன். தொலைந்துபோன ஒரு பயணப் பையைப் பற்றி மூச்சுவிடாமல் புலம்பினேன். பையின் நிறத்தையும் பூட்டையும் இரண்டாம் முறையும் சொல்லி முடித்தேன். பிறகு, மிக மெதுவாக:

"கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோ."

அது அவளுடைய முதலாவது வசனம். நான் எழுதிக் கொடுக்காத முதலாவது வசனம். எனக்குக் கண் கலங்கியது. முதுகு காட்டி இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று போகும்போது ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், வீட்டுத் தொலைபேசிக்கு மேலே ஒட்ட. இனிமேல் டெனிஷ் எழுத்தில் தமிழ் எழுதுவதில்லை என்று முதல் நாள் இரவுதான் சத்தியம் செய்திருந்தேன். ஆனாலும் அந்தத் தாளை டெனிஷ் எழுத்தில்தான் எழுதினேன். கை நடுங்குகிற நேரத்தில் அவள் கண் எதை விரைவாக வாசிக்குமோ அதுதான் அன்றைக்குச் சரி. கொள்கை பிறகு. இதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

இன்னொரு வழக்கமும் அப்போதுதான் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கிழமை யாரிடமாவது தமிழில் கேட்ட ஒரு கேள்வியைக் கொண்டுவர வேண்டும். பெயரோடு அதைக் கரும்பலகையில் எழுதுவேன். எல்லோரும் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். 'அப்பா, நீங்கள் ஏன் இவ்வளவு குறட்டை விடுறியள்?' 'அம்மா, மாமியோட ஏன் கோவம்?' வீட்டு ரகசியமெல்லாம் கரும்பலகைக்கு வந்தது. இரண்டாவது கிழமை ஷெறினுடைய கேள்வி: 'அம்மா, பெரியம்மா சின்னனில எப்பிடி இருந்தவ?' அன்றைக்கு மெற்றில்டாவும் மகளும் ஒரு மணித்தியாலம் தமிழில் கதைத்தார்களாம்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது.

நடந்ததை எனக்குச் சொன்னவள் மெற்றில்டா. அது கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை. வகுப்புத் தொடங்க முன்னமே வந்து, ஓடையில் சப்பாத்துகள் வைக்கிற இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். கையில் ஒரு தாள். முகாமின் பெயர், பகுதி இலக்கம், கூடாரத்தின் இலக்கம், யாருடைய தொலைபேசி என்பது எல்லாம் அதில் இருந்தன. கீழே பெரியம்மாவோடு இருக்கிறவர்களின் பெயர்கள்: பெரியப்பா, மூத்தவன் டெனிஸ், சின்னவன். எல்லாம் ஷெறினுடைய கையெழுத்து.

"ஒவ்வொண்டையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதியிருக்கிறாள், ரீச்சர்."

"ஜொய்சி?" என்றேன். மூன்று பிள்ளைகளில் நடுவிலானவள். இடையில் யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் மெற்றில்டா மகளைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனபோது, எட்டு வயது ஷெறினும் எட்டு வயது ஜொய்சியும் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

மெற்றில்டா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அக்கா சொல்லேல்லை. சின்னப் பிள்ளையிட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டு மறைக்கப் பாத்தவ. இவள் பேரை எண்ணிப் பாத்திட்டு, ஜொய்சி எங்கை எண்டு கேட்டவளாம். அம்மாவிட்டைப் பிறகு சொல்லுறன் எண்டிருக்கிறா. இவள் விடேல்லை. ரெண்டாம்தரமும் கேட்டவளாம். அப்பதான் அக்கா சொன்னவ. ஜொய்சி செத்துப்போனாள் எண்டு. செல் குண்டு விழுந்து, சித்திரை மாசம்."

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கியது நான். தாய் வீட்டில் இல்லாத நேரம், பதினாலு வயதுப் பிள்ளை, அந்தச் செய்தியைத் தனியே நின்று வாங்கியிருக்கிறாள். ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அது அவளுக்கு வந்திருக்காது.

"நான் பிழை செய்திட்டனோ, மெற்றில்டா?"

சமாதானத்துக்காகச் சொல்லுகிற ஆள் இல்லை அவள்.

"இல்லை ரீச்சர். நேற்று அக்கா திரும்பப் போன் எடுத்தவ, நான் வீட்டில நிண்டனான். அவ சொன்னா, ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் சொல்லி அழேல்லையாம். முகாமில எல்லாருக்கும் ஒவ்வொரு சாவு. ஆர் ஆருக்குச் சொல்லுறது? கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமெல்லோ. இவள்தான் கேட்டவள். ரெண்டு பேரும் அழுதவையாம், போனுக்குச் சொந்தக்கார மனிசன் அதைப் பறிக்குமட்டும்."

பிறகு தாளை மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "இண்டைக்கு மட்டும் அவளிட்டைக் கேள்வி கேக்காதையுங்கோ. விட்டிடுங்கோ."

"விட்டிடுறன்" என்றேன்.

வகுப்புத் தொடங்கியது. வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையாகக் கேள்வியைச் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். ஷெறின் இருந்த வரிசை வந்ததும் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன். பார்க்காமல் தாண்டினேன். திரும்பிப் பார்த்தபோது ஷெறினுடைய கை உயர்ந்திருந்தது. மேடையில் நான் ஓரத்தில் குறித்துக் கொடுத்து உயர்த்திய கை இல்லை இது. பாதி மடிந்து, பெரிய பாரத்தோடு உயர்ந்திருந்தது.

தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பிள்ளை கையை உயர்த்தியிருந்தாள். யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் கிடைத்தது. "சொல்லுங்கோ" என்றேன்.

"பெரியம்மா, ஜொய்சி எங்கை?"

வெண்கட்டியை எடுத்து, மற்றப் பிள்ளைகளுடையதை எழுதியது போலவே, அவள் பெயரைப் போட்டு, பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன். எழுத்துப் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. பிள்ளைகள் கொப்பியைத் திறந்து பார்த்து எழுதினார்கள். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல். ஷெறினுக்குப் பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பிள்ளை, வகுப்பில் தானாக வாய் திறக்காதவள், டெனிஷ் தவிர வேறொன்றும் வராது என்று நான் கைவிட்டிருந்தவள், ஷெறின் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஜொய்சிக்கு எத்தினை வயசு?"

"பதினாலு" என்றாள் ஷெறின். "என்ரை வயசுதான்."